கடைக்கு மேல வீடு கட்டப்போற தம்பிக்கு: திருகோணமலையில க்யூ.எஸ். ஒராள் என்னத்துக்கு?

கேள்வியை முதல்ல சுருக்கமாச் சொல்லிடுறன், வாசிக்கிற மத்தாக்களுக்கும் விளங்கட்டும். தம்பி கட்டார்ல வேலை, ஊர்ல அப்பாவும் அம்மாவும்தான். நோர்த் கோஸ்ட் ரோட்டுப் பக்கம் காணி இருக்கு, கீழ ரெண்டு கடை, மேல வீடு, பின்னுக்கு டூரிஸ்ட் ஆக்களுக்கு வாடகைக்கு விட ரெண்டு ரூம். பிளான் கீறியாச்சு. மேசன் பாஸ் ஒராள் சதுர அடிக்கு இவ்வளவு எண்டு ரேட் சொல்லி, அட்வான்ஸ் 30 வீதம், டி.பி.சி. மட்டம் (அத்திவாரத்துக்கு மேல ஈரம் ஏறாமப் போடுற பட்டி) வந்ததும் 30, ஸ்லாப் போட்டதும் 30, சாவி தரேக்க 10 எண்டு கேக்கிறார். மச்சான் ஒராள் கொழும்புல இருந்துகொண்டு "ஒரு சார்ட்டட் க்யூ.எஸ்.ஸைப் பிடி" எண்டு சொல்றார். (க்யூ.எஸ். எண்டா குவான்டிட்டி சர்வேயர், கட்டட வேலையை அளந்து விலையும் காசுக் கணக்கும் பாக்கிறவர்; சார்ட்டட் எண்டா அந்தத் தொழில்ட சங்கம் சோதிச்சு ஏத்துக்கொண்டவர்.) எங்கட டவுனுக்கு அப்பிடி ஒராள் தேவையா, அவர் வந்து என்ன செய்யப்போறார், அவருக்குக் குடுக்கிற காசுக்கு சீமெந்து வாங்கலாமே, இதுதான் தம்பி கேக்கிறது.

நானும் இதே தொழில்லதான் இருக்கிறன், அதனால சொந்த ஆக்களுக்கு வக்காலத்து வாங்குறன் எண்டு நினைப்பீங்க. அதுக்காக முதலே சொல்லிடுறன், உங்கட கட்டடத்துக்கு சார்ட்டட் ஆள் ஒராள் முழுநேரமும் நிக்க வேண்டிய தேவை இல்ல. ஆனா அந்த 30, 30, 30, 10 எண்ட பேப்பர்ல அப்பா கையெழுத்து வைக்க முதல் ஒரு க்யூ.எஸ்.ட கண்ணுல அது பட்டே ஆகணும். சதுர அடி ரேட்டை விட அந்த நாலு நம்பர்தான் எனக்குப் பயமா இருக்கு.

ஏன் எண்டு கணக்குப் போட்டுப் பாப்பம். சும்மா ஒரு பேச்சுக்கு முழு வேலையும் ஒரு கோடி ரூபா எண்டு வைங்க. இப்பிடியான ரெண்டு தட்டுக் கட்டடத்துல அத்திவாரம் வெட்டி கல்லு கட்டி டி.பி.சி. மட்டத்துக்கு வர என்ட அனுபவத்துல மொத்தத்துல 12, 15 வீதம்தான் போகும். மண் மோசமாயிருந்தா கொஞ்சம் கூடும். கொலம், பீம், ஸ்லாப், சுவர் எல்லாம் முடிஞ்சு கூரை மட்டத்துக்கு வாறது எண்டா எல்லாஞ்சேத்து 55, 60 வீதம். மிச்சம் 40 வீதம் கிட்ட பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல், வயரிங், பைப் வேலை, பெயின்ட், மதில், செப்டிக் டாங் எண்டு கடைசியிலதான் வந்து நிக்கும், ஆக்கள் எப்பவும் குறைச்சு நினைக்கிறதும் இந்த 40ஐத்தான். இப்ப பாஸ்ட பேப்பரைப் பாருங்க. மண்வெட்டி எடுக்க முதல் 30 இலட்சம் அவர்ட கையில. டி.பி.சி. வந்ததும் 60 இலட்சம் குடுத்தாச்சு, நிலத்துல நிக்கிறது 15 இலட்சத்துக்குரிய வேலை. ஸ்லாப் போட்டதும் 90 இலட்சம். எந்த ஸ்லாப்? கீழ்த்தட்டுக்கு மேல போடுறதா, மேல்தட்டுக்கு மேல போடுறதா எண்டு அதுல எழுதியிருக்கா? நீங்க அனுப்பினதுல இல்ல. முதல் ஸ்லாப் எண்டா 35 இலட்சம் பெறுமதியான வேலைக்கு 90 இலட்சம் போயிட்டுது. அதுக்குப் பிறகு அவர் வேலைக்கு வாறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க பாப்பம்.

பாஸ் கள்ளன் எண்டு நான் சொல்லேல்ல. அவர் நல்ல மனிசனாத்தான் இருப்பார், ஆனா உங்கட காசுல போன வீட்டுக்குப் பூச்சு முடிப்பார், உங்கட பூச்சுக்கு அடுத்த வீட்டு அட்வான்ஸைப் பாத்துக்கொண்டு இருப்பார். ஊர்ல பாதியில நிக்கிற கட்டடங்கள் நிறைய இப்பிடித்தான் நிண்டது. அடுத்த அட்வான்ஸ் வராட்டி சங்கிலி அறுந்துபோகும், அவ்வளவுதான். காசு வேலைக்கு முன்னால ஓடாமப் பாத்துக்கொள்றதுதான் ஒரு க்யூ.எஸ். உங்களுக்குச் செய்யிற முதல் உதவி, விலை குறைச்சுத் தாறது எல்லாம் அதுக்குப் பிறகு.

வடக்கு கிழக்குல இந்திய வீட்டுத்திட்டம் நடந்தது ஞாபகம் இருக்கும்தானே, ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. அதை ஒரே அடியாக் கையில குடுக்கேல்ல, தவணை தவணையா, ஒவ்வொரு கட்டமும் முடிஞ்சதை வந்து பாத்துட்டுத்தான் அடுத்த தவணை பேங்க்குக்கு வந்தது. அந்தத் தொகை போதாது எண்டு ஆக்கள் பேசினது வேற விசயம், நியாயமான பேச்சுத்தான், ஆனா அந்தத் தவணை முறையில ஒரு புத்தி இருந்தது. சொந்தக் காசுல கட்டேக்க மட்டும் நாங்க அதை மறந்துபோறம்.

இப்ப சதுர அடி ரேட்டுக்கு வருவம். சதுர அடிக்கு இவ்வளவு எண்டு மட்டும் பேசுறது, மெனு சொல்லாம கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கு தலைக்கு இவ்வளவு எண்டு பேசுறது மாதிரி. எந்தச் சதுர அடி எண்டுற கேள்வியே முதல்ல இருக்கு. வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் 40 அடிக்கு 30 அடி எண்டா 1200 சதுர அடி. ஒன்பது இஞ்சிச் சுவரைக் கழிச்சு உள்ளுக்கு அளந்தா 38.5க்கு 28.5, அது 1097தான். ஒரு தட்டுல மட்டும் நூறு சதுர அடிக்கு மேல வித்தியாசம், அடிக்கு 10,000 எண்டு வச்சாலே பத்து இலட்சம். பிறகு பல்கனி முழுசா அரைவாசியா, படி ரெண்டு தட்டுலயும் எண்ணுறதா, ஸ்லாப்ட வெளிநீட்டு சேருமா, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர், தண்ணி டாங் ஸ்டாண்ட், கிணறு, மதில், கேட், கரண்ட் கனெக்சன் எல்லாம் உள்ளுக்கா வெளியிலயா. டைல்ஸ் எண்டு சொல்லியிருப்பார், என்ன விலை டைல்ஸ்? கடையில நீங்க போய்ப் பிடிக்கிற டைல்ஸ் அவர் மனசுல வச்ச விலையை விட ரெண்டு மடங்கா இருக்கும், அப்ப "அது எக்ஸ்ட்ரா தம்பி" எண்டு வரும். அவரைப் பிழை சொல்லவும் ஏலாது, எழுதேல்லயே.

இதைத் தீர்க்கிறதுதான் பி.ஓ.க்யூ. (பில் ஒஃப் குவான்டிட்டீஸ்), அதாவது வேலை அளவுப் பட்டியல் எண்டுறது. பிளானையும் ஸ்ட்ரக்சர் டிரோயிங்கையும் வச்சு க்யூ.எஸ். ஒவ்வொரு வேலையையும் அளந்து எடுப்பார், அதை டேக்கிங் ஓஃப் எண்டு சொல்லுவம். அத்திவாரக் கிடங்கு எத்தனை கன மீற்றர், கொன்கிறீட் எவ்வளவு, கம்பி எத்தனை கிலோ, சட்டரிங் (கொன்கிறீட் ஊத்த அடிக்கிற பலகை) எத்தனை சதுர மீற்றர், பூச்சு, டைல்ஸ், கதவு எண்ணிக்கை எண்டு ஒவ்வொண்டா, எப்பிடி அளக்கிறது எண்டுறதுக்கு இலங்கையில எஸ்.எல்.எஸ். 573 எண்டு ஒரு தரமே இருக்கு, அதால அவரவர் தன்ட இஷ்டத்துக்கு அளக்க ஏலாது. டைல்ஸ் மாதிரி இன்னும் முடிவெடுக்காத சாமானுக்கு "சதுர அடி இன்ன விலைக்குள்ள" எண்டு ஒரு தொகை போட்டு வைப்பார், கூடினா நீங்க குடுக்கணும், குறைஞ்சா மிச்சம் உங்களுக்கு. அந்தக் கடதாசியில விலை போடாம மூண்டு பாஸ்மாருக்குக் குடுங்க, மூண்டு பேரும் ஒரே வேலைக்கு விலை போடுவினம். அப்பதான் மூண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கிறதுக்கு அர்த்தம் இருக்கு. இப்ப நீங்க மூண்டு சதுர அடி ரேட்டை வச்சுப் பாக்கிறது மூண்டு வேற வேற வீட்டைத்தான்.

ஒரு சின்ன உதாரணம் சொன்னா கணக்கு எவ்வளவு லேசு எண்டு விளங்கும். 1200 சதுர அடி ஸ்லாப், அஞ்சு இஞ்சித் தடிப்பு, பெருக்கிப் பாத்தா 500 கன அடி, அதாவது சரியா 5 கியூப் கொன்கிறீட். சாதாரண 1:2:4 கலவைக்கு (சீமெந்து, மணல், சல்லி) கியூப்புக்கு சீமெந்து 18 பை கிட்ட, ஆக ஸ்லாப்புக்கு 90 பை. சட்டரிங்ல மட்டம் பிசகி நாலரை இஞ்சியா ஊத்தினா அரைக் கியூப் குறையும், ஒன்பது பை மிச்சம், மணலும் சல்லியும் வேற. அப்பா அண்டைக்கு சைட்டுல நிண்டு வெறும் பையை எண்ணினாலே தடிப்புல என்ன நடந்தது எண்டு தெரிஞ்சுபோகும். பீமுக்கும் கொலத்துக்கும் தனிக் கணக்கு, அதைக் கலக்கப்படாது.

கம்பி இன்னும் லேசு. விட்டத்தை மில்லி மீற்றர்ல விட்டத்தாலயே பெருக்கி 162ஆல பிரிச்சா மீற்றருக்கு எத்தனை கிலோ எண்டு வரும். 10 மில்லி 0.617, 12 மில்லி 0.888, 16 மில்லி 1.58. ஆறு மீற்றர் நீளமான 12 மில்லிக் கம்பி ஒண்டு 5.33 கிலோ இருக்கணும். கொஞ்சம் கூடக்குறைய வரும், எஸ்.எல்.எஸ். 375 தரத்துல அதுக்கு ஒரு அளவு வரைக்கும் இடமும் இருக்கு, ஆனா அஞ்சு கிலோவுக்குக் கீழ நிண்டா அந்தக் கடையில வாங்காதீங்க. எஞ்சினியர் 12 மில்லி எண்டு கீறினது அந்த நிறைக்குத்தான், பெயருக்கு இல்ல. எண்ணிக்கையில வாங்காம நிறுத்து வாங்குங்க.

மணலைப் பத்தி எங்கட ஊர் ஆக்களுக்கு ஒரு பெருமை இருக்கு, மகாவலி எங்கட கொட்டியாரக் குடாவுலதான் கடலுக்கு வருது, கிண்ணியா மூதூர்ப் பக்கம் மணல் கிடக்கு, எங்களுக்கென்ன குறை எண்டு. மணல் நல்ல மணல்தான். ஆனா டிப்பர்ல வாற மணல் எத்தனை கியூப் எண்டு டிரைவர் சொல்றதை நம்பாம ஒருக்கா டேப்பைப் பிடிச்சு பெட்டிட நீளம் அகலம் உயரம் அளந்து பாருங்க, 100 கன அடிதான் ஒரு கியூப். இன்னொண்டு, லேசா ஈரமான மணல் 20, 25 வீதம் வரைக்கும் பொம்மிக்கொண்டு நிக்கும், காஞ்ச மணலுக்கும் முழுசா நனைஞ்சு தண்ணி வடியிற மணலுக்கும் அந்தப் பொம்மல் இல்ல. அப்ப நாலு கியூப் எண்டு காசு குடுத்து உண்மையில மூண்டு சொச்சம்தான் இறங்கியிருக்கும், ஆரும் களவெடுக்காமலே. ஜி.எஸ்.எம்.பி. (புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகம்) பெர்மிட் இருக்கிற லோட்டாப் பாத்து எடுங்க, இல்லாட்டி வழியில பிடிபட்டா உங்கட வேலைதான் நிக்கும். கடற்கரை மணலை ஆரும் "சும்மா பூச்சுக்குத்தானே" எண்டு கொண்டுவந்தா வாசல்லயே திருப்பி அனுப்புங்க, உப்பு பிறகு கம்பியைத் திண்டுடும், பூச்சும் பூத்துப்போகும்.

சீமெந்து பத்தியும் ஒரு பிழையான நினைப்பு இருக்கு. சீனக்குடாவுல டோக்கியோ சீமெந்து ஃபக்டரி இருக்கு, அதனால எங்களுக்கு மலிவா வரும் எண்டு வெளிநாட்டுல இருக்கிற ஆக்கள் நிறையப் பேர் நினைக்கிறாங்க. அங்க கிளிங்கர் எண்டுற சீமெந்து மூலப்பொருள் கப்பல்ல வந்து இறங்குது, இங்க அரைக்கிறாங்க. கிளிங்கருக்கு டொலர்லதான் காசு. 2022ல மார்ச் தொடக்கத்துல 200 ரூபா கிட்ட நிண்ட டொலர் மே மாசத்துல 360க்குப் போனபோது, அதுக்கு முந்தின வருசம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கின சீமெந்துப் பை அந்த வருசத்துலயே மூவாயிரம் வரைக்கும் ஏறினது, ஃபக்டரிக்குப் பக்கத்துல இருந்த எங்களுக்கும் அதே விலைதான். அந்த வருசம் சதுர அடிக்கு முடிவு விலை பேசின எத்தனையோ பாஸ்மார் போனை ஓஃப் பண்ணிட்டு இருந்தாங்க, அவங்களாலயும் ஏலாது, வீட்டுக்காரராலயும் ஏலாது.

அரசாங்க வேலைகள்ல இதுக்கு ஒரு வழி இருக்கு. சீடா எண்டுற நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை மாசாமாசம் கூலி, சீமெந்து, கம்பி, எரிபொருள் எண்டு ஒவ்வொண்டுக்கும் சுட்டெண் வெளியிடும், கொன்ராக்ட்டுல இருக்கிற ஃபோர்முலாவுல அதைப் போட்டு கூடினதைக் குடுப்பாங்க, குறைஞ்சா கழிப்பாங்க. உங்கட வீட்டுக்கு அந்த ஃபோர்முலா எல்லாம் வேணாம், தலைவலி. ஒப்பந்தத்துல சீமெந்து, கம்பி, மணல், சல்லி இந்த நாலுக்கும் கையெழுத்து வைக்கிற அண்டைய கடை விலையை எழுதி வைங்க. பிறகு ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசத்தை பி.ஓ.க்யூ.ல இருக்கிற அளவுக்கு மட்டும் பாத்துக்கொள்றது எண்டு போடுங்க. அளவு எழுத்துல இருந்தாத்தான் இது நடக்கும், சதுர அடி ரேட்டுல இதைச் செய்ய வழியே இல்ல. நியாயம் எண்டு பாத்தா இது பாஸுக்கும் நல்லது, அவர் பயத்துல முதலே ஏத்திப் போடுற விலையை இறக்குவார்.

எங்கட ஊருக்கெண்டே ரெண்டு சிலவு இருக்கு, கொழும்புல இருந்து எடுக்கிற எஸ்டிமேட்டுல அது விடுபடும். ஒண்டு மழை. வடகீழ்ப் பருவம் தொடங்கினா நவம்பர், டிசம்பர், ஜனவரி எண்டு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் நிலத்துல கிடங்கு வெட்ட வெட்ட தண்ணி வரும், கரையும் சரியும், பம்ப் பிடிச்சு இறைக்கிறதுக்கும் பலகை அடிக்கிறதுக்கும் ஆர் காசு குடுக்கிறது எண்டு அந்த நேரம்தான் சண்டை வரும். ஒரு வரி அதுக்கெண்டு பி.ஓ.க்யூ.ல போட்டுட்டா முடிஞ்சுது, இல்லாட்டி அத்திவாரத்தை செப்டம்பருக்குள்ள முடிக்கிற மாதிரித் தொடங்குங்க, அதுதான் மலிவு. ரெண்டாவது உப்புக் காத்து. கம்பிக்கு மேல கொன்கிறீட் கவர் கூட வைக்கணும், கூரை ஆணி, கொக்கி, ஜன்னல் பிற்றிங் எல்லாம் துரு பிடிக்காத சாமானாப் போகணும். மலிவு ரேட்டுல இது ஒண்டும் இருக்காது, நாலைஞ்சு வருசத்துல சன்ஷேட்டுக்குக் கீழ கொன்கிறீட் வெடிச்சு விழேக்கதான் விளங்கும். இதுல ஒண்டு ஞாபகம் வச்சிருங்க, எத்தனை மில்லி கவர், எத்தனை கம்பி எண்டு சொல்ல வேண்டியது ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர்தான். க்யூ.எஸ். அதை விலையாக்குவார், முடிவெடுக்க மாட்டார். எடுக்கிறார் எண்டா கவனம்.

காணி கடலுக்குக் கிட்ட எண்டா இன்னொண்டும் பாருங்க, உயர்நீர் மட்டத்துல இருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள்ள வந்தா அது 1981ம் ஆண்டு 57ம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துல சொல்ற கரையோர வலயம், சபையில பிளான் பாஸ் பண்ணினது மட்டும் காணாது, அந்தச் சட்டத்துக்குக் கீழயும் அனுமதி வேணும். அனுமதி வர முதல் பாஸுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க.

சரி, வேலை தொடங்கியாச்சு எண்டு வைப்பம். நீங்க தோகாவுல, அப்பா சைட்டுல. மாசத்துக்கு ஒருக்கா, இல்லாட்டி கட்டத்துக்கு ஒருக்கா, க்யூ.எஸ். வந்து முடிஞ்ச வேலையை டேப் பிடிச்சு அளந்து, பி.ஓ.க்யூ. ரேட்டைப் போட்டு, முன்ன குடுத்ததைக் கழிச்சு, இந்த முறை இவ்வளவு குடுக்கலாம் எண்டு ஒரு பேப்பர் தருவார். அதைப் பாத்துட்டு நீங்க காசு போடுங்க. அட்வான்ஸ் குடுக்கவே வேணாம் எண்டு சொல்லேல்ல, பாஸுக்கும் கை முதல் வேணும், ஆனா பெரிய கொன்ராக்ட்டுல 20 வீதம் அட்வான்ஸ் எடுக்கிறவர் பேங்க் கரண்டி (உத்தரவாதம்) வச்சுத்தான் எடுப்பார், உங்கட பாஸ் கரண்டி தரப்போறதில்ல, அப்ப அஞ்சு வீதம், மிஞ்சினா பத்து, அதையும் ஒவ்வொரு பில்லுலயும் கொஞ்சம் கொஞ்சமாக் கழிக்கணும். கம்பியும் சீமெந்தும் நீங்களே கடைக்கு நேர காசு கட்டி இறக்கினா அதுவும் தேவைப்படாது. ஒவ்வொரு பில்லுலயும் பத்து வீதம் மறிச்சு வைக்கிறது, மொத்தத்துல அஞ்சு வீதம் சேந்ததும் நிப்பாட்டுறது, சாவி தந்ததும் அதுல அரைவாசி, ஒரு வருசம் மழை வெயில் பாத்து ஒழுக்கு வெடிப்பு எல்லாம் திருத்தினதும் மிச்ச அரைவாசி, இதுதான் பொதுவா எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கிற முறை. ஒரு கோடிக்கு அஞ்சு இலட்சம் உங்கட கையில நிக்கும். மொட்டைமாடி ஒழுகுது எண்டு போன் எடுத்தா பாஸ் அண்டைக்கே வருவார்.

எக்ஸ்ட்ரா எண்டுற பேய் இருக்கே, அது அப்பாட வாயாலதான் வரும், குறை நினைக்காதீங்க. பின்னேரம் ஒருக்கா வந்து "இந்தச் சுவரை கொஞ்சம் தள்ளி வையுங்க தம்பி, இதுல ஒரு ஜன்னல் விட்டா நல்லம்" எண்டு சொல்லிட்டுப் போவார், பாஸும் சரி ஐயா எண்டு செய்வார், கடைசி பில்லுல அது வந்து நிக்கும். ஒரு விதி வைங்க, எந்த மாத்தமும் வட்ஸ்அப்ல எழுதி, விலையும் எழுதி, நீங்க சரி எண்டு போட்ட பிறகுதான் கல்லுல கை வைக்கிறது. விலை பேசத் தேவையில்ல, பி.ஓ.க்யூ.ல அதே வேலைக்கு ஏற்கனவே ரேட் இருக்கும். அதே மாதிரி குறைச்ச வேலைக்கும் கழிக்கணும், அதை ஆரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க, க்யூ.எஸ். தவிர.

இனி அந்த சார்ட்டட் எண்டுறதுக்கு வருவம். காணி அளந்து கல்லுப் போடுற லைசன்ஸ் சர்வேயர் வேற, காணி வீட்டுக்கு பேங்க்குக்கு மதிப்புச் சொல்ற வலுவர் வேற, இந்த ரெண்டு வேலையையும் எங்களிட்ட கேட்டு வாற ஆக்கள் இப்பவும் இருக்காங்க. க்யூ.எஸ்.ல படிச்சு முடிச்ச பிள்ளைகள் ஊர்ல இப்ப இருக்காங்க, மொறட்டுவவுல டிகிரி செஞ்சவங்க, எச்.என்.டி. செஞ்சவங்க எண்டு. படிப்பு முடிஞ்ச உடனே சார்ட்டட் ஆகிறதில்ல. லண்டன்ல 1868ல தொடங்கி 1881ல ரோயல் சார்ட்டர் வாங்கின ஆர்.ஐ.சி.எஸ். எண்டுற சங்கம் ஒரு வழி, இங்க 1983ல தொடங்கி 2007ல பாராளுமன்றச் சட்டத்தால நிறுவின இலங்கை க்யூ.எஸ். சங்கம் இன்னொரு வழி. எதுல போனாலும் வருசக்கணக்கா மேற்பார்வையில வேலை செஞ்சு, செஞ்சதை எழுதிக் குடுத்து, அனுபவசாலிகளுக்கு முன்னால இருந்து பதில் சொல்லிப் பாஸ் பண்ணணும். பிறகும் ஒழுக்க விதி இருக்கு, பிழையா நடந்தா முறைப்பாடு குடுக்க ஒரு இடம் இருக்கு. உங்களுக்கு அதுல பெரிய பயன் இந்தக் கடைசி விசயம்தான் எண்டு நான் சொல்லுவன், கணக்குப் போடுறதுக்கு பட்டம் தேவையில்ல, பக்கம் சாயாமக் கணக்குப் போடுறதுக்கு ஒரு பயம் இருக்கிறது நல்லம்.

அப்ப எங்களுக்கு எங்கதான் வேலை எண்டு கேப்பீங்க. கிழக்கு மாகாணசபைத் தலைமைச் செயலகம் இங்கதான் இருக்கு, அதனால பள்ளிக்கூடக் கட்டடம், ஆஸ்பத்திரி வாட்டு, ரோட்டு, தண்ணி எண்டு எஸ்டிமேட்டும் டெண்டரும் இந்த ஊரைச் சுத்தித்தான் போகும். மாகாணத்து பி.எஸ்.ஆர். விலைப்பட்டியலை வச்சு எஸ்டிமேட் போடுறது ஒரு பக்கம், அந்த டெண்டரைப் போடுற கொன்ராக்டர்மாருக்கு விலை போட்டுக் குடுக்கிறது மறுபக்கம். கொன்ராக்டர் பக்க வேலையில ஒரு தந்திரம் இருக்கு, முதல்ல வாற மண் வேலை, அத்திவாரத்துக்கு ரேட்டைக் கூட்டி, கடைசியில வாற பெயின்ட், டைல்ஸுக்குக் குறைச்சுப் போடுவாங்க, மொத்தம் மாறாது, காசு மட்டும் முந்தி வரும். உங்கட பாஸ்ட 30, 30, 30, 10 இருக்கே, அதே தந்திரம்தான், அவர் எங்கயும் படிக்காமச் செஞ்சிருக்கார், கெட்டிக்காரன். பிறகு உப்புவெளி, நிலாவெளியில ஹோட்டல் கட்டுறவங்க, அங்க ஃபிடிக் எண்டுற சர்வதேச மாதிரி ஒப்பந்தம், வெளிநாட்டு முதலீட்டாளர், தாமதத்துக்கு நாள் கணக்குல தண்டப்பணம், அதுக்கு எதிரா கால நீடிப்புக் கேட்டு கடிதம் எண்டு போகும், அந்த இடத்துல சார்ட்டட் ஆள் இல்லாம இறங்கினா நட்டம்தான். சண்டை நடுவர் விசாரணைக்கு (அட்ஜுடிகேசன், ஆபிட்ரேசன்) எண்டு போனாலும் அதே, கையெழுத்துட பாரம் அங்கதான் வேலை செய்யும். இன்சூரன்சும் ஒண்டு. கட்டி முடிச்சு காப்புறுதி எடுக்கேக்க திருப்பிக் கட்ட என்ன சிலவு எண்டுறதைத்தான் போடணும், காணி விலையைச் சேத்து விக்கிற விலையைப் போடுறதில்ல. 2022க்கு முதல் போட்ட தொகையிலயே இப்பவும் புதுப்பிச்சுக்கொண்டு இருக்கிற கடைக்காரர் எத்தனை பேர். திருப்பிக் கட்ட ரெண்டு கோடி வேணும், காப்புறுதி ஒரு கோடிக்கு எண்டா, 20 இலட்சம் சேதத்துக்கு அவங்க 10 இலட்சம்தான் தருவாங்க, பொலிசியில சராசரி விதி எண்டு சின்ன எழுத்துல அது இருக்கும்.

உங்கட அளவு வேலைக்கு நான் சொல்றது இதுதான். அளந்து பி.ஓ.க்யூ. போட இங்கயே டிகிரியோ எச்.என்.டி.யோ செஞ்ச, சைட் தெரிஞ்ச பிள்ளை ஒண்டைப் பிடிங்க. ஒப்பந்தத்தையும் காசு குடுக்கிற அட்டவணையையும் மட்டும் ஒரு சார்ட்டட் ஆளிட்ட குடுத்து ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க. சின்ன வேலைகளுக்கெண்டு சீடாவுட எஸ்.பி.டி. 03 எண்டு ஒரு மாதிரி ஒப்பந்தப் பத்திரம் இருக்கு, அதைச் சுருக்கி எடுத்தாக் காணும். ஃபீஸை வீதத்துல பேசாதீங்க, கட்டட விலை கூடக்கூட அவருக்குக் கூடுற மாதிரி வந்துடும், பி.ஓ.க்யூ.வுக்கு ஒரு தொகை, சைட்டுக்கு வந்து அளந்து பேப்பர் தாற ஒவ்வொரு முறைக்கும் ஒரு தொகை எண்டு வெட்டொண்டு துண்டு ரெண்டாப் பேசுங்க. மெம்பர்ஷிப் நம்பர் கேளுங்க, கேக்கிறதுல மரியாதைக் குறைவு ஒண்டும் இல்ல. பாஸ் கூட்டிக்கொண்டு வாற க்யூ.எஸ். வேணாம், ஹாட்வெயார் கடையில கொமிசன் எடுக்கிறவர் எண்டு காதுல விழுந்தா அவரும் வேணாம். நாலு பேர்ல ஒராளாவது ஊர்ல அப்பிடி இருப்பார், டீக்கடையில கேட்டாலே சொல்லுவாங்க.

ஆரைப் பிடிச்சாலும் முதல்ல நீங்க அனுப்பின பிளான் காணாது. அதுல அறைகள்தான் இருக்கு, கொலம் சைஸ், பீம், ஸ்லாப் கம்பி ஒண்டும் இல்ல, அதை வச்சு ஆரும் பி.ஓ.க்யூ. போட்டுத் தாறன் எண்டா அது ஊகம். முதல்ல மண்ணைத் தோண்டிப் பாத்து ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரிட்ட டிரோயிங் எடுங்க, பாஸிட்ட ரெண்டு மூண்டு கிழமை பொறுக்கச் சொல்லுங்க. பொறுக்க மாட்டன், வேற வேலை வந்திட்டுது எண்டு அவர் சொன்னா அப்பிடியே விடுங்க.